கோட்டுக்குள்ளே நின்ற தம்பி

“அட, விடுங்க மதினி! அந்தப் புள்ள அந்த இறுக்கமான பனியனையே போட்டுக்கிட்டுப் போகட்டும். உடம்பு பழக்கிக் குடுக்குற வேலைக்குப் போறவளுக்குப் பட்டுச் சீலையக் கட்டி அனுப்புறேன்னு நிக்கிறீங்களே, அவ என்ன கல்யாணத்துக்கா போறா? மருமக என்னா சொன்னா? அவளும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காளா? நல்ல குடும்பம் போங்க!”

பக்கத்து வீட்டுக் காம்பரா மதினிக்கு நேற்றிலிருந்து இதே ரகளை. அவருடைய பேத்தியை நுவரெலியாவில் ஒரு ஓட்டலில் இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வேலை விஷயமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் காலோடு ஒட்டிய கால்சட்டையும் பனியனும் எடுத்து வைத்திருக்கிறாள். மதினி பெட்டியைத் திறந்து பட்டுச் சேலையை எடுத்து வைத்திருக்கிறார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு. இன்னொரு பக்கம் என் தம்பி ஞாபகம். மதினிக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் நடந்தது எல்லாம் அப்படியே மனதில் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, ஆனால் அம்மா இருந்த அதே லயத்து வீட்டு வரிசையில்தான் குடித்தனம். காலையில் என் காம்பராக் கதவைத் திறந்தால் அம்மா வீட்டுப் புகை தெரியும். தம்பி எனக்கு அடுத்தவன். அம்மா கொழுந்துக்குப் போனால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள் நான்தான். அப்போதே என்ன கனம்! ஒரு பக்க இடுப்பு இன்றைக்கும் கொஞ்சம் சாய்ந்திருப்பதாக என் வீட்டுக்காரர் சொல்வார்.

வளர்ந்த பிறகு அவன் தலவாக்கலைச் சலூனில் முடி வெட்டப் போன இடத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தான். உடம்பெல்லாம் முறுக்கு முறுக்காக இருக்கும் ஒருவனின் படம். சலூன்காரர் அதைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். சுவரில் ஒட்டியதும் அம்மா வாயில் கை வைத்தாள்.

“அட கடவுளே, இந்த ஆளுக்குக் கட்டுறதுக்கு ஒரு முழத் துணி கெடைக்கலியா?”

தம்பி அசரவில்லை. பழைய பெயிண்டு டின்களில் சீமெந்தை ஊற்றி, இரும்புக் குழாயின் இரண்டு பக்கமும் மாட்டிக் கனம் தூக்கும் சாமான் ஒன்றைச் செய்துவிட்டான். மலைத் தண்ணீர் விழும் பீலிப் பக்கம் அதை வைத்துக்கொண்டு, விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் போவதற்கு முன்பே மேலுக்குச் சட்டை இல்லாமல் தூக்குவான். மார்கழிப் பனியில் எங்களுக்குப் பல் அடித்துக்கொள்ளும். அவன் தோளிலிருந்து ஆவி பறக்கும். தண்ணீருக்கு வரும் பெண்கள் சும்மா இருப்பார்களா?

“ஏன்டி, ஒன் தம்பிக்கு ஒங்கம்மா ரொட்டிதான் சுடுறாளா, இல்ல கல்லத்தான் சுட்டுப் போடுறாளா?”

“ரெண்டும் ஒண்ணுதான், எங்கம்மா ரொட்டியச் சாப்பிட்டுப் பாரு!” என்பேன் நான்.

தூக்குவது மட்டுமில்லை, சொல்லிக் கொடுப்பான். அதுதான் அவனுடைய கெட்டித்தனம். கொழுந்துக் கூடை இழுத்து இழுத்து எங்கள் கழுத்தெல்லாம் விறைத்துப்போய் இருக்கும். கையை எப்படித் தூக்க வேண்டும், மூச்சை எங்கே விட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தான். வலி கொஞ்சம் விட்டது. ஒருநாள் கொழுந்தை எடை போட்ட பிறகு நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று கையை மேலே தூக்கினோம். கங்காணி ஓடி வந்தார்.

“என்னா இது? சினிமாவா புடிக்கிறாங்க? எறக்குங்கடி கைய!”

எறக்கினோம். சிரிப்பைத்தான் அடக்க முடியவில்லை.

ஆனால் தம்பிக்குத் தோட்டத்தில் நிரந்தர வேலைக்குப் பேர் பதியவில்லை. ஆள் குறையும் நாளில் கொழுந்துச் சாக்குத் தூக்கக் கூப்பிடுவார்கள், மற்ற நாளில் இல்லை. எங்கள் சித்தப்பா வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் காணி எடுத்திருந்தார். கைக்கு ஆள் இல்லை, அவனை அனுப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

“தைப்பொங்கலுக்குள்ள இங்க ஒரு வழி தெரியணும். இல்லாட்டி மூட்டையக் கட்டிக்கிட்டுச் சித்தப்பாகூடக் கெளம்பு.”

தம்பிக்குப் போக மனமில்லை. எனக்கும் அவனை அனுப்ப மனமில்லை. கூடப் பிறந்தவன் என்று எனக்கு அவன் ஒருவன்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் சலூன்காரர் சொல்லி அனுப்பினார். அட்டன் டவுனில் ஒரு முதலாளி தன்னுடைய பாத்திரக்கடைக்கு மேலே உடற்பயிற்சிக் கூடம் தொடங்குகிறாராம். கொழும்பிலிருந்து புது இரும்புச் சாமான்கள் வந்து இறங்கியிருக்கின்றனவாம். பழக்கிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டுமாம். தம்பி என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். “அக்கா, இரும்பு தூக்குறதுக்குச் சம்பளம் குடுக்குறாங்களாம்!” நான் அன்றைக்கே அவனுக்கு அட்டனில் பெண் பார்க்கவும் தொடங்கிவிட்டேன், மனதுக்குள்தான்.

என்ன உடுத்துவது என்ற பேச்சு அன்று சாயந்தரம் எழுந்தது. வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் எல்லோரும் கூடிவிட்டார்கள். தம்பி தன்னுடைய நீலப் பனியனைத் துவைத்துக் காயப்போட்டிருந்தான். தேகப்பயிற்சிக்கு அதைத்தான் போடுவான். கை இல்லாதது. அப்பா கொடியில் அதைப் பார்த்தார்.

“இதையா போட்டுக்கிட்டுப் போகப் போற?”

“ஆமாப்பா. உடம்பத்தானே பார்ப்பாங்க.”

“வேலை கேட்டுப் போறவன் மாரக் காட்டிக்கிட்டு, கைய ஆட்டிக்கிட்டா போவான்? தொரைக்கு முன்னுக்கு இப்பிடி நிப்பியா நீ?”

“அது தொரை ஆபீஸ் இல்லப்பா,” என்றேன் நான்.

“எல்லா எடமும் ஆபீஸ்தான். குடுக்குறவன் தொரை, கேக்குறவன் கூலி.”

அப்பாவைக் குறை சொல்லி என்ன செய்ய? அவர் காலமெல்லாம் பார்த்தது அதைத்தான். எங்கள் ஆட்கள் ஆபீசுக்குப் போனால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைப்பார்கள். கையைக் கட்டுவார்கள். எவ்வளவு உயரமான ஆளும் அந்த வாசலில் சின்னதாகிவிடுவான். நிமிர்ந்து நின்றவனுக்கு வேலை கிடைத்ததை எங்கள் லயத்தில் யாரும் கண்டதில்லை.

அப்புறம் பெரிய கங்காணியின் கறுப்புக் கோட்டு வந்தது. அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். லயத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அதற்குள்தான் நிற்பார். குட்டை மாப்பிள்ளை, நெட்டை மாப்பிள்ளை எல்லோருக்கும் அதே கோட்டு. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் லயத்து ஆம்பிளைகள் எல்லோரும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அதில் கையே வெளியே தெரியவில்லை. தாலி கட்டிச் சுற்றி வரும்போது நான் அவருடைய விரலைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சிரிப்பு நிற்காது.

தம்பிக்கு அது வேறு மாதிரி. தோளில் போய் இறுகிக்கொண்டது. பொத்தானைப் போட்டால் கையைத் தூக்க முடியவில்லை. உள்ளே போடச் சட்டை வேண்டுமே? அவனிடம் காலர் வைத்த சட்டை ஒன்றுதான் இருந்தது. முன்பக்கம் நன்றாக இருக்கும். முதுகுப் பக்கம் இற்றுப்போனதால் அம்மா அதைக் கத்தரித்துவிட்டு மாவுச் சாக்குத் துணியை வைத்துத் தைத்திருந்தாள். சாக்கில் அச்சடித்த நீல எழுத்து எத்தனை தரம் அடித்துத் துவைத்தும் போகவில்லை.

“கோட்டு மறைச்சிரும்டா,” என்றாள் அம்மா.

எல்லோருக்கும் அது சரி என்றுதான் பட்டது. எனக்கும்தான். பொத்தானைப் போட்டு, தலையில் எண்ணெய் வைத்து நின்றபோது கணக்கப்பிள்ளை மாதிரி இருந்தான். பெரிய கங்காணி சுற்றிவந்து பார்த்து, “இவனுக்கு வேலை குடுக்காட்டி அந்த முதலாளிக்குக் கண்ணு அவிஞ்சிருச்சின்னு அர்த்தம்,” என்றார்.

மறுநாள் காலை ரயிலில் நானும் கூடப் போனேன். அவன் புது இடத்தில் வாய் திறக்க மாட்டான் என்று அம்மா அனுப்பினாள். அட்டன் ஸ்டேஷனில் சிவனொளிபாதமலைக்குப் போகிற கூட்டம். வெள்ளை உடுத்திய ஒரு சிங்களக் கிழவி, அத்தனை பேரையும் விட்டுவிட்டு என் தம்பியிடம் வந்தார்.

“மாத்தயா, நல்லதண்ணி பஸ் எக கொஹெத?”

மாத்தயா என்றால் ஐயா! எங்களை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவன் பஸ் நிற்கும் இடத்தைக் காட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தான். “கோட்டு வேலை செய்யுதுக்கா!” அந்தச் சந்தோஷத்தோடுதான் பாத்திரக்கடைப் படி ஏறினோம்.

மேலே முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கண்டியிலிருந்து வந்த சிங்கள மாஸ்டர். அந்தக் குளிரிலும் அவர் போட்டிருந்தது ஒரு பனியனும் அரைக்கால்சட்டையும்தான். அதைப் பார்த்ததுமே நான் தம்பியின் கோட்டைத் திரும்பிப் பார்த்தேன். நான் வாசல் ஓரமாக நின்றுகொண்டேன். தம்பி உள்ளே போனான். போனவன் கையைக் கட்டினான், தோளை ஒடுக்கினான், தலையைக் குனிந்தான். பீலியில் நான் பார்க்கிற ஆள் அந்தக் கோட்டுக்குள் இல்லவே இல்லை.

முதலாளி பேரைக் கேட்டார். அவன் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

மாஸ்டர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டேதான் பேசினார். “தம்பி, கோட் கழட்டுங்க. கொஞ்சம் பார்க்கிறது.”

தம்பி கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

“பயம் வேணாம். கழட்டுங்க.”

“இல்லீங்க சேர்,” என்றான். “குளிருதுங்க.”

மார்கழிப் பீலியில் ஆவி பறக்க நிற்கிறவன் சொன்ன வார்த்தை அது! எனக்குப் பொறுக்கவில்லை.

“ஐயா, இவன் தெனம் விடியக்காலையில சட்டையில்லாம...”

“அம்மா, நீங்க சும்மா இருங்க,” என்றார் முதலாளி. “வேலை ஒங்களுக்கா, இவருக்கா?”

மாஸ்டர் விடவில்லை. கோட்டோடேயே தூக்கிக் காட்டச் சொன்னார். தம்பி குனிந்து இரும்பைப் பிடித்தான். இடுப்பு வரை வந்தது. அதற்கு மேலே கொண்டுபோகும்போது தோள் பக்கம் தையல் டர்ரென்று ஒரு சத்தம் போட்டது. பெரிய கங்காணியின் கோட்டு! இரவல் சாமான்! அப்படியே கீழே வைத்துவிட்டான். முதலாளி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தோளைக் குலுக்கினார்.

“சரி தம்பி, சொல்லி அனுப்புறோம்.”

படியில் அடுத்த ஆள் காத்திருந்தான். ஒல்லிப் பையன். கை இல்லாத பனியன். கடையே தன்னுடையது மாதிரி மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். என் தம்பியை மேலும் கீழும் பார்த்தான்.

“என்னாண்ணே, கல்யாணத்துக்கு வந்து வழி தவறிட்டீங்களா?”

வேலை அந்தப் பையனுக்குத்தான் கிடைத்தது. சலூன்காரர் பிறகு சொன்னார்.

ஸ்டேஷனில் வடை வாங்கிச் சாப்பிட்டோம். “கழட்டியிருக்கலாமேடா,” என்றேன்.

“எப்பிடிக்கா கழட்டுறது? முதுகு பூராவும் மாவு மூட்டை எழுத்து. நான் என்னா மாவு விக்கவா வந்தேன்?”

இரண்டு பேரும் சிரித்தோம். நன்றாகவே சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவன், “அந்த இரும்பு ஒரு கனமே இல்லக்கா,” என்றான். ரயில் வந்ததும் ஏறி உட்கார்ந்தோம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பா வாசலில் நின்றார். “கோட்டுக்கு ஒண்ணும் ஆகலியே?” என்றுதான் முதலில் கேட்டார். தையல் விட்டிருந்ததை நான் தைத்துக் கொடுத்தேன். வேலை கிடைக்கவில்லை என்றதும் அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டார். “நல்லாத்தானே அனுப்பினோம்,” என்றார். ஆமாம், நல்லாத்தான் அனுப்பினோம். எங்களுக்குத் தெரிந்த நல்லது அதுதான்.

பொங்கல் முடிந்து சித்தப்பா வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார். காடு வெட்டினான், மண் சுமந்தான். ஒரு தடவை தோட்டத்துக்கு வந்தபோது காய்ச்சலில் கிடந்து எழும்பிய உடம்பு. தோள் எலும்பு தெரிந்தது. பீலிக்கு வந்த பெண்களுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. கேலி பேச யாருக்கும் வாய் வரவில்லை. அப்புறம் அங்கேயே அவனுக்குப் பெண் பார்த்தார்கள். கல்யாணம் வைத்த நேரம் வடக்கே சண்டை, பாதை சரியில்லை. பஸ் இல்லை, இருந்தாலும் போகப் பயம். அம்மா போகவில்லை, நான் போகவில்லை. நாத்தனாராக நான் விளக்குப் பிடிக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ நின்று பிடித்திருக்கிறார்கள். யார் என்று இதுவரை நான் கேட்டதில்லை. என் தம்பி மனைவியின் முகத்தை நான் பார்த்தபோது அவளுக்கு மூத்த பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தது. அட்டனில் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற தூரம். அந்தப் பிள்ளைகள் என் மடியில் வளர்ந்திருக்கும். இப்போது போனில் என்னை “யாரு பேசுறது?” என்று கேட்கிறார்கள். அத்தை என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது...

“அடடே, எங்க பசு கத்துது மதினி, கேக்கலியா ஒங்களுக்கு? பால் வண்டி கீழ் லயத்துக்கு வந்துருச்சு போல. அந்த வாளிய இப்பிடிக் குடுங்க. கன்னுக்குட்டி வேற கயித்த இழுக்குது. ஏய், நில்லு! நில்லுங்குறேன்!”