தெரு டென்னிஸைத் திருவிழாவாக்கிய மார்வா

மார்வா யியர்வுட் என்று முழுப்பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் யாரென்று யோசிப்பார்கள். வேன் மார்வா என்று சொல்லிப் பாருங்கள், வேலிக்குள் கட்டிப்போட்ட செம்மறிகூடத் தலையைத் தூக்கும். எங்கள் தீவில் செயின்ட் ஜார்ஜிலிருந்து தலைநகர் பிரிட்ஜ்டவுனுக்கு ஓடும் வெள்ளை வேனை இருபத்தொன்பது வருஷம் நான் ஓட்டினேன், அவள் கண்டக்டராக நின்று கத்தினாள். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நாலாவது ஆளை அவள் உட்கார வைத்ததை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது ஆளையும் பார்த்திருக்கிறேன். "கொஞ்சம் சுருங்கி உக்காருங்க, இன்னொருத்தருக்கு எடமிருக்கு" என்பாள். இடம் இருக்காது. ஆனால் அவள் சொன்ன பிறகு இருக்கும்.

அப்பா கரும்பு வெட்டப் போனவர், அம்மா பள்ளிக்கூடத்தில் சமையல். மார்வா மூத்தவள். இருபத்திரண்டு வயதில் வேனில் ஏறினாள். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் சரிப்படாது என்று சொன்ன மூன்று டிரைவர்களை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். நானும் அதைத்தான் சொல்லலாமென்று இருந்தேன், அதற்குள் அவள் வண்டியை நிரப்பிவிட்டாள். இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள். ஐம்பத்தொன்றாம் வயதில் முழங்கால் மக்கர் பண்ணியதும் வேனை விட்டு இறங்கினாள். வீட்டில் சும்மா இருந்தது பதினேழு நாள். எண்ணியது நானல்ல, அவளுடைய சின்ன மகள். பதினெட்டாம் நாள் அவள் எங்கள் போட்டிக்குள் மூக்கை நுழைத்தாள்.

எங்கள் பிரிம்லி சந்தில் வருஷாவருஷம் தெரு டென்னிஸ் போட்டி நடக்கும். தார் ரோட்டில் வெள்ளைக்கோடு, வலைக்குப் பதில் ஒரு சாண் உயரத்துக்குக் குறுக்கே நிற்கும் மரப்பலகை, கையில் ஒட்டுப்பலகையில் அறுத்த மட்டை, ரோமத்தை உரித்த டென்னிஸ் பந்து. இருபத்தொன்று எடுத்தவருக்கு ஒரு ஆட்டம், இரண்டு புள்ளி வித்தியாசம் இருக்க வேண்டும்; மூன்றில் இரண்டு ஆட்டம் எடுத்தவர் ஜெயித்தவர். நான்தான் நடுவர். போன வருஷம் இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர். ஒரு நாயையும் சேர்த்தால் பன்னிரண்டு.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர், நாள் முழுக்க இந்தத் தெருவை அடைக்க அனுமதி கொடுக்கிற அதிகாரி. மரியாதையான மனுஷர். போகும்போது என் தோளைத் தட்டி, "டென்ஸில், இத்தன பேருக்காக நான் ரோட்ட மூட முடியாது. அடுத்த தடவையும் இப்படின்னா டவுன்ல இருக்கிற மைதானத்துக்குக் கொண்டுபோயிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். டவுனுக்குப் போனால் எங்கள் போட்டி எங்களுடையதாக இருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே ஏற்கெனவே இருபது போட்டி, இது இருபத்தொன்றாவது. அவ்வளவுதான் கதை.

மளிகையும் விற்கிற ரம் கடையில் கூட்டம் போட்டோம். ஏழு ஆண்கள், ஒரு யோசனைகூட இல்லை. எண்ணெய் வாங்க வந்த மார்வா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "நான் நடத்துறேன்" என்றாள்.

சில்வன் ஹோல்டர் சிரித்தான். வெல்டிங் வேலைக்காரன், நாற்பது தாண்டியவன், எங்கள் சந்தில் ஐந்து தடவை ஜெயித்தவன். "நீ ஒரு நாளாவது மட்டையப் பிடிச்சிருக்கியா மார்வா?"

"ஸ்டியரிங்கக்கூடத்தான் பிடிச்சதில்ல. வேன் நெறஞ்சுதா இல்லியா, டிரைவரக் கேளு."

டிரைவர் நான். டம்ளரை உயர்த்தி, நிறைந்தது என்றேன்.

"டவுனுக்குப் போகணும்னு மட்டுமா எங்க வண்டில ஏறினாங்க?" என்றாள். "கவர்மெண்ட் பஸ்ஸும்தான் டவுனுக்குப் போச்சு. பாட்டு கேக்க ஏறினாங்க, வம்பு பேச ஏறினாங்க, எதிர் சீட்டுல யார் உக்காருவாங்கன்னு பாக்க ஏறினாங்க. ஆனா ஏறின அத்தன பேரையும் டவுன்ல கொண்டுபோய் எறக்கினோம். அந்த மாதிரிதான். மேளம் வரட்டும், சாப்பாடு வரட்டும், சர்ச் பாட்டுக்காரங்க வரட்டும். ஏத்தறது என் வேல. கடைசில போய்ச் சேர்ற எடம் உங்க ஆட்டம்."

"நான் ஜனங்க திங்கற எடத்துல வேடிக்க காட்டற குரங்கு இல்ல" என்றான் ஹோல்டர். "மட்டையில பந்து படற சத்தத்த வெச்சுத்தான் அது எப்படிச் சுத்துதுன்னு எனக்குத் தெரியும். பக்கத்துல மேளம் அடிச்சா நான் செவிடன். மேளம் இருந்தா ஹோல்டர் இல்ல."

"பந்து ஓடும்போது ஒரு அடி விழுந்தா, மேளத்த நானே கிழிக்கிறேன். போதுமா?"

அவன் சரியென்று தலையை ஆட்டினான். அவள் சொன்னால் கிழிப்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

அடுத்த நாலு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்று வாரம் இழுக்கும் போட்டியை ஒரே சனிக்கிழமைக்குள் அடைத்தாள். ஐம்பது தாண்டிய பெண்களுக்கு ஒரு ஆட்டம் என்றாள். கூடாது என்றேன். எட்டுப் பெண்கள் பெயர் கொடுத்தார்கள், அதில் ஒருத்தி என் மனைவி. டாமினோ மேஜைகள், ஊதுகுழலோடு வரும் டக் மேளக்காரர்கள், கட்டைக்கால் ஆட்டக்காரர் ஒருவர் என்று அடுக்கிக்கொண்டே போனாள். கட்டைக்கால்காரர் கரண்டுக் கம்பியில் மாட்டிக்கொள்வார் என்று எச்சரித்தேன். "குனியச் சொல்லு, டிரைவரே" என்றாள். பாதிரியாரிடம் போய், பாட்டுக் குழுவை அனுப்பினால் அவர்கள் பாடி முடிக்கும்வரை ரம் கடை மூடியிருக்கும் என்று வாக்குக் கொடுத்தாள். பிறகு ரம் கடைக்காரரிடம் போய், பாட்டு இருபது நிமிஷம்தான் என்று வாக்குக் கொடுத்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் வாயால் ஒரு சந்தே பிழைத்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக்கு எர்மைன் பிளாக்மனைப் பிடித்தாள். எலுமிச்சையும் வெள்ளரியும் போட்டு ஊறவைத்த பன்றிக்கறி, கூடவே சர்க்கரைவள்ளிக் கிழங்குப் புட்டிங். எங்கள் வட்டாரத்தில் எர்மைன் கைக்கு மேல் கை கிடையாது. இறுதி ஆட்டம் பன்னிரண்டு மணிக்கு. நோட்டீஸ் அடித்து, ஓடுகிற எல்லா வேனிலும் ஒட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் சந்தில் தார் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. என் மனைவி முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு, நடுவர் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டைக்கால்காரர் குனிந்தே வந்தார். டாமினோ மேஜைகளில் கட்டை விழுந்த ஓசை துப்பாக்கிச் சத்தம் மாதிரி இருந்தது. அதிகாரி வந்து கூட்டத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மார்வா மஞ்சள் உடுப்பில், நொண்டிக்கொண்டே, ராணி மாதிரி திரிந்தாள். நான் தோற்றேன் என்று மனசுக்குள் ஒத்துக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு அடித்தது. ஹோல்டரும், தீவின் வடகோடி செயின்ட் லூசியிலிருந்து வந்திருந்த டாரியோ என்ற மீனவப் பையனும் களத்துக்கு வந்தார்கள். நான் நாற்காலியில் ஏறிப் பார்த்தேன். முந்நூறு முதுகு தெரிந்தது. ஒரு முகம் இல்லை.

இந்தத் தீவில் பிறந்தவன் எவனும் சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எங்கே நிற்பான்? புட்டிங்கும் ஊறிய கறியும் வாங்குகிற வரிசையில் நிற்பான். சுடுகாட்டுக்குப் போகிறவன்கூட அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். இதே மண்ணில் பிறந்து ஐம்பது வருஷம் அதே வரிசையில் நின்ற மார்வாவுக்கும் தோன்றவில்லை, நோட்டீஸைப் பத்துத் தடவை படித்த எனக்கும் தோன்றவில்லை. எர்மைன் பானையை வைத்தது சந்தின் முனையில். வரிசை அங்கிருந்து மெயின் ரோட்டுப் பக்கமாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீண்டது. அதிகாரியும் அந்த வரிசையில்தான் இருந்தார். களத்தைச் சுற்றி நின்றவர்களை எண்ணினேன், பதினொன்று. இந்தத் தடவை நாய்கூடப் பானைப் பக்கம் போய்விட்டது.

முதல் ஆட்டத்தை ஹோல்டர் தோற்றான். யாரும் பார்க்கவில்லை. மட்டையைப் பலகைமேல் எறிந்தான். "பாத்தியா மார்வா? கல்யாணத்துக்கு வந்தவங்க பந்தியில உக்காந்துட்டாங்க. மாப்பிள்ள இங்க தனியா நிக்கறான்."

ஒரு நொடி எனக்குள் அற்பமாக ஒரு மகிழ்ச்சி எழுந்தது, நான் சொன்னேன் பார் என்கிற மகிழ்ச்சி. அடுத்த நொடி மார்வாவின் முகத்தைப் பார்த்தேன், வெட்கமாகிவிட்டது. போட்டியைக் காப்பாற்ற வந்தவளே அதைக் கொன்றுவிட்டாளோ என்று அவள் நினைத்தது எனக்குப் புரிந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"அஞ்சு நிமிஷம் குடு டிரைவரே" என்று மட்டும் சொல்லிவிட்டு முழங்காலை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

சாப்பாட்டை நிறுத்தச் சொல்லுவாள் என்று நினைத்தேன். அது நடந்திருந்தால் கலவரம்தான். அவள் பானையைத் தொடவில்லை. வரிசையின் வாலுக்குப் போனாள், வேன் குரலை எடுத்தாள்.

"கடைசி ஆள் என் கூட வாங்க! வரிச இப்படிப் போகாது, அப்படிப் போகும்! ஆட்டக் களத்த சுத்தி! முன்னாடி யாரு, பின்னாடி யாருன்னு பாத்து வெச்சுக்கங்க!"

முணுமுணுப்பு கிளம்பியது. இந்த வரிசையில் இடத்தை விடுவது சொத்தை விடுவது மாதிரி. "எங்க எடம் போயிடும் மார்வா!" என்று ஒரு கிழவர் கத்தினார்.

"உங்க எடத்துக்கு நான் பொறுப்பு. என் வண்டில யாரையாவது எறங்க வேண்டிய எடத்துல எறக்காம விட்டிருக்கேனா?"

"ரெண்டு தடவ!" என்றது ஒரு பெண் குரல்.

"ரெண்டு தடவையும் நீ தூங்கிட்டிருந்தே, கிளாடிஸ்! நட!"

சிரிப்போடு வரிசை நகர்ந்தது. முந்நூறு பேரும் அவள் கைகாட்டிய பக்கம் வளைந்து, களத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, பானைக்கே திரும்பினார்கள். நடுவில் ஹோல்டரும் டாரியோவும். பசியோடு நிற்கிறவனுக்கு வேறு வேலை கிடையாது, கண் ஆட்டத்தில் விழத்தான் செய்யும். முதலில் எர்மைன் கை மெதுவாகப் போகிறது என்றுதான் பேசிக்கொண்டார்கள். பிறகு, "யாரு அந்தக் குனிஞ்ச முதுகுக்காரன்?" என்று ஒருத்தர் கேட்டார். பிறகு ஹோல்டர் முழங்கால் உயரத்தில் வந்த பந்தைப் பலகையில் உரசாமல், ஒரு விரல்கடை இடைவெளியில் திருப்பி அனுப்பினான். முந்நூறு பேரும் ஒரே மூச்சாக "ஹா" என்றார்கள்.

அந்தச் சத்தம் கேட்டு ஹோல்டர் நிமிர்ந்து பார்த்தான். அதற்குப் பிறகு அவன் ஆடியது வேறு ஆட்டம். இரண்டாவது ஆட்டம் அவனுக்கு. பந்து ஓடும்போது மேளக்காரர்கள் குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். புள்ளி விழுந்ததும் அடித்தார்கள் பாருங்கள், என் நாற்காலி அதிர்ந்தது.

மூன்றாவதில் பத்தொன்பது, பத்தொன்பது. வரிசை நின்றுவிட்டது. "அடுத்தது யாரு?" என்று எர்மைன் கூவினாள். அடுத்தது அதிகாரி. காலித்தட்டை நெஞ்சில் அணைத்தபடி, "இரும்மா, பந்து ஓடுது" என்றார். எர்மைன் இன்னொரு தடவை கூவினாள். பிறகு கரண்டியைப் போட்டுவிட்டு அவளும் பார்க்க வந்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் பானை நிறைந்திருக்க, வாங்க ஆளில்லாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

இருபத்தொன்று டாரியோவுக்கு, இருபது ஹோல்டருக்கு. நீண்ட ஆட்டம், பதினான்கு தடவை பந்து போய்வந்தது. ஹோல்டர் கடைசியாக மூலையைப் பார்த்து வீசினான். பந்து கோட்டுப் பக்கத்தில் விழுந்தது. நான் கையைத் தூக்கினேன். "வெளிய. ஆட்டம் டாரியோவுக்கு."

பதினாறு வருஷம் நடுவராக இருந்திருக்கிறேன், இறுதி ஆட்டத்தில் ஒருத்தரும் என் தீர்ப்பைக் கேள்வி கேட்டதில்லை. கேட்க ஆள் இருந்ததில்லை. இப்போது முந்நூறு பேர் என்மேல் பாய்ந்தார்கள்.

"கோட்டுல பட்டுச்சுய்யா!"

"கண்ணு தெரியலன்னா எறங்குய்யா கீழ!"

"வேனும் இப்படித்தான் ஓட்டினான்!"

கிளாடிஸ் தரையில் மண்டியிட்டு வெள்ளைக்கோட்டை விரலால் தடவிக் காட்டினாள். செயின்ட் லூசிக்காரர்கள் எனக்காகக் கத்தினார்கள். என் மனைவி எனக்கு எதிராகக் கத்தினாள். ஹோல்டர் சண்டைக்கு வருவான் என்று பார்த்தால், போனைக் காதில் வைத்தபடி கூட்டத்தின் நடுவே நின்று அழுதுகொண்டே சிரித்தான். "எங்கம்மா" என்றான் மார்வாவிடம். "யாரோ போன்ல படம் எடுத்து அனுப்பிட்டாங்களாம். அது வெளிய இல்லடா, சண்ட போடுடாங்குது. இருபது வருஷத்துல இன்னைக்குத்தான் என் ஆட்டத்தப் பத்தி ஒரு வார்த்த பேசியிருக்குது."

இறங்கிப் போகலாமென்றால் வழி இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அதிகாரி வந்தார். தட்டு இன்னும் காலி, முகம் சிவந்திருந்தது. "டென்ஸில், நான் அங்கேருந்து பாத்தேன், கோட்டுல பட்டுச்சு. இதென்ன நியாயம்? அடுத்த வருஷம் கோட்டுக்கு ரெண்டு ஆளத் தனியாப் போடுங்க!"

மார்வா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்து முனைவரை கேட்கிற குரலில் கத்தினாள்.

"அடுத்த வருஷம்னு சொல்லிட்டாரு! எல்லாரும் கேட்டீங்கல்ல? அடுத்த வருஷம்!"

எல்லாரும் கேட்டார்கள். மேளம் பிய்த்துக்கொண்டு போனது. நானும் நாற்காலிமேல் நின்று, வெட்கம் இல்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினேன். ஆனால் ஒன்று, அந்தப் பந்து வெளியேதான் விழுந்தது.