நெற்றியில் வரைந்த வட்டம்

உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் டிசைனராக இருந்தேன். எங்கள் வார்டில் கவுன்சிலருக்கு நின்றவர் ஒருநாள் நேரிலேயே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேனரில் அவர் கையில் துப்பாக்கி வேண்டுமாம். எதிரே, எதிர்த்து நிற்கும் பெண்ணின் படம். அந்தப் படத்தின் நெற்றியில் குறிபார்க்கும் சிவப்பு வட்டம். கீழே, ‘ஒவ்வொரு ஓட்டும் ஒரு தோட்டா’.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். அடுத்த வீதியில் நாலைந்து மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுப்பவர்.

“இது வேண்டாமுங்க. அந்தக்காவுக்குப் பள்ளிக்கூடம் போற புள்ள இருக்குதுங்க.”

“அட, பேச்சுக்குத்தான் கண்ணு. நெசமாவா சுடப்போறோம்? மேடையில சொன்னா என்னமாக் கை தட்டறாங்க தெரியுமா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரையில் இருந்த அவர் படத்தையே இழுத்து அந்த வட்டத்துக்குள் வைத்தேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“மொதல்ல அதை அழி!”

“பேச்சுக்குத்தானுங்களே.”

சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார். வேட்பாளரிடம் மன்னிப்புக் கேட்டு, என்னை எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து அந்த வேலையை முடித்துக் கொடுத்தார். மறுநாள் அந்தக்கா வீட்டுக்கு எதிரே, பஸ் ஸ்டாப்புக்கு மேலேயே பேனர் தொங்கியது. அவர் மகள் அதன் அடியில்தான் ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போன அந்தக்காவை, “எலெக்‌ஷன்னா இதெல்லாம் சகஜமுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதுவரை ஸ்கூட்டியில் தனியாகச் சுற்றி வீடு வீடாக ஓட்டுக் கேட்டவர், அதன்பிறகு கணவர் துணையில்லாமல் வெளியே வரவில்லை. கணவருக்குச் சாய ஆலையில் வேலை. ஷிப்ட் முடிந்து வருவதற்குள் இருட்டிவிடும். பாதி வீதிகளுக்கு அவரால் போகவே முடியவில்லை. தோற்றுப்போனார்.

“பாத்தியா, ஒண்ணும் ஆகலையே. நீதான் பெருசு பண்ணீட்டே” என்றார் முதலாளி.

“ஒண்ணும் ஆகலீங்களா? ஒரு பொம்பளை அவங்க வீதியிலயே நடக்கப் பயந்துட்டாங்க. இன்னும் என்னங்க ஆகோணும்?”

அந்த மாதத்தோடு வேலையிலிருந்து நின்றுவிட்டேன். ஜெயித்தவர் நன்றி தெரிவிக்கும் பேனரையும் அந்தக் கடையில்தான் அடித்தார். அதில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.