பெல்காசெமின் சிமென்ட் அடைப்பு

கரைமேல் ஏறுமுன் பெல்காசெம் செருப்பைக் கழற்றி ஒன்றோடொன்று தட்டுவார். மண் உதிர்ந்ததும் இரண்டையும் இடது கக்கத்தில் செருகிக்கொண்டு, பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று கண்ணால் ஒருமுறை அளந்துவிட்டுத்தான் வெறுங்காலை வைப்பார். யாரும் இல்லையென்றால் செருப்போடே ஏறிவிடுவார்; நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மத்மாத்தா குன்றுகளில் ஓடைக்குக் குறுக்கே மண்கரை போட்டு, அதன் பின்னால் சேரும் வண்டலில்தான் ஒலிவ மரம் வைப்போம். கரை போனால் மண் போகும், மண்ணோடு மரமும் போகும். கரை விஷயத்தில் பெல்காசெம் சொன்னதே தீர்ப்பு. அதற்கு அவருடைய உரத்த குரலே போதுமாக இருந்தது.

அந்த அக்டோபரின் முதல் மழைக்கு, பெல்காசெம் கட்டிக்கொடுத்திருந்த என் சின்னம்மா மப்ரூக்காவின் கரைக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மறுபுறம், கரையின் அடியில், ஒரு சிறு ஊற்று குமிழிட்டுத் தன்னைச் சுற்றி எறும்புப் புற்றுபோல மணலைக் குவித்துக்கொண்டிருந்தது. தெளிந்த நீர் கசிந்தால் கவலையில்லை. இது கரையின் வயிற்றிலிருந்து மணலை அள்ளி வந்தது.

"அண்ணே, கலங்கலா வருது. ஊத்து மேல சரளையக் கொட்டிடலாமா? தண்ணி போகட்டும், மண்ணு நிக்கும்," என்றாள் சின்னம்மா, பார்க்க வந்த பெல்காசெமிடம்.

"ஒழுகுற கரைய நான் கட்டினேன்னு ஊரு சிரிக்கவா? நீ போய் ரொட்டியப் புரட்டு, மப்ரூக்கா. சிமென்ட் வரட்டும்."

"என் ஏழு மரமும் அதுலதாண்ணே நிக்குது."

"நிக்கட்டும். உக்காரச் சொன்னேனா?"

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டம் சிரித்தது. அவர் ஊற்றின் வாயைச் சிமென்டால் அடைத்து, கரணையால் தேய்த்து மினுக்கினார். வழி அடைபட்ட தண்ணீர் வேறு வழி தேடும் என்று தெரிந்தும் நான் அவருக்குச் சிமென்ட் சட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

இரவெல்லாம் மழை. மறுநாள் நண்பகலில் அடைப்புக்கு ஒரு முழம் தள்ளி மண் இளகியது. முதலில் விரல் நுழையும் துளை, பிறகு கை, பிறகு ஓர் ஆடு. தண்ணீர் மணலை மணிமணியாக உருவி, கரைக்குள்ளே சுரங்கம் அரித்துக்கொண்டு போனது. மேல்மண் தொப்பென்று உள்ளே விழ, கரை இரண்டானது. மாலைக்குள் ஐந்து மரங்கள் வேரோடு ஓடையில் கிடந்தன.

பெல்காசெம் வந்தார். சேற்றில் கிடந்த சிமென்ட் உருண்டையைக் காலால் புரட்டினார்.

"பாத்தியா? என் வேலையில ஒரு கீறல் இல்ல. உன் மண்ணுதான் சரியில்ல."

"எடுத்துட்டுப் போய் வீட்டுல வெச்சுக்குங்கண்ணே," என்றாள் சின்னம்மா. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த கோடையில், குன்றுக்கு அப்பால் யாரும் போகாத இடத்திலிருக்கும் அவருடைய சொந்தக் கரைக்கு மண் சுமக்கப் போனேன். அடியைத் தோண்டியபோது மண்வெட்டி கல்லில் மோதியது. கல்லுக்குக் கீழே சரளை, சரளைக்குக் கீழே பருமணல், அடுக்குக் கலையாமல் இருந்தது. தண்ணீர் போகவும் மண் நிற்கவும் இருபது வருடத்துக்கு முன் அப்பாவே தன் கையால் அடுக்கியது என்று அவர் மகன் பெருமையாகச் சொன்னான்.