புத்தகத்தில் வேறு முடிவு

“இவன் பொய் சொல்றான்” என்றார் அக்கா, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே.

கடை ஊழியர்கள் சாப்பிடும் அறை. மேசையில் பாதி தின்ற ஆப்பிள், மடியில் ஒரு நாவல். விண்கலம் ஒன்றில் நான்கு பேர் சிக்கிக்கொண்ட கதை. “நாலு பேருக்கு ஆறு நாளைக்குத்தான் காத்து இருக்குன்னு முப்பதாம் பக்கத்துல எழுதியிருக்கான். இப்ப எட்டாம் நாள். நாலு பேரும் நல்லா வாய் கிழியப் பேசிக்கிட்டிருக்காங்க. கணக்குப் போட்டுப் பாரு. இதுல ஒருத்தன் மூச்சு விடலை.”

மறுநாள் மதியம் புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்தார். கலத்தின் மருத்துவர் மனிதரே இல்லை, இயந்திரம். அக்காவுக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டால் காவல்காரர் துள்ளிக் குதிப்பாரா? அதுபோல ஒரு முகம்.

கடையில் அவருக்குப் பெயர் ‘கஸ்டம்ஸ்’, விமான நிலையத்தில் பெட்டியைக் குடையும் சுங்கக்காரர். வாங்கிய பொருளைப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் அவருடைய கவுன்டருக்குத்தான் வர வேண்டும். பக்கத்துக் கவுன்டரில் நான் பரிசுப் பொருள்களுக்குக் காகிதம் சுற்றுகிறேன். ஒன்பது வருடமாக ஒரு கண் என் ரிப்பனில், ஒரு கண் அவர் மேல். “ஒரு நாள்கூடப் போடலைங்க” என்று ஒருவர் காலணியை நீட்டுவார். அக்கா உள்ளே கட்டைவிரலை விட்டு, கால் பெருவிரல் பதிந்த பள்ளத்தைத் தேடுவார். “பெட்டியையே பிரிக்கலை” என்று வரும் ரொட்டி வாட்டும் கருவியைத் தலைகீழாக ஒரு தட்டுத் தட்டுவார். பொலபொலவென்று துகள் கொட்டும். அதற்குப் பிறகும் குரலை உயர்த்தமாட்டார். துகளைக் கையால் கூட்டி, கொண்டுவந்தவர் பக்கமாகத் தள்ளிவைப்பார்.

“வெளுத்ததெல்லாம் பாலுன்னு நினைக்கிறவ இந்த நாற்காலியில உக்கார முடியாது” என்பார்.

அவர் படிப்பது ஒரே வகைப் புத்தகம். விண்வெளி, இயந்திர மனிதன், காலத்தில் பின்னோக்கிப் போவது என்று வருகிற படங்களின் கதையைப் பிறகு நாவலாக எழுதி விற்பார்களே, அவை. அட்டையில் படத்தின் புகைப்படம் இருக்கும். எங்கள் ஊழியர்களே சிரிப்பார்கள்: படத்தைப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு எதற்கு முந்நூறு பக்கம் என்று.

அவரால் படம் பார்க்க முடியாது. பதினேழு வயதில் தோழிகளோடு ஒரு படத்துக்குப் போனார். விண்கலம் கிளம்பும் காட்சி. திரை முழுவதும் வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. அதன் பிறகு அவருக்கு நினைவில் இருப்பது மருத்துவமனையின் கூரை. மின்னும் வெளிச்சம் பட்டால் வலிப்பு வரும் உடம்பு என்றார்கள். அன்றோடு திரையரங்கு போயிற்று. அந்தக் கலம் மேலே போனதா இல்லையா என்று தோழிகள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். யாரை நம்புவது? பழைய புத்தகக் கடையில் அதே படத்தின் நாவல் கிடைத்தபோதுதான் அவருக்குத் தூக்கம் வந்ததாம்.

“படத்துல மூஞ்சியைக் காட்டுவான். மூஞ்சியை நம்பலாமா? புத்தகத்துலதான் மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு எழுதுவான்.”

இருந்தாலும் புத்தகத்தை மட்டும் நம்பினால் அவர் கஸ்டம்ஸ் இல்லையே. அதற்காக அவர் கணவர் இருந்தார். ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்படி வேலை. அதிகமாகப் பேசாத, அகன்ற தோள்களுள்ள மனிதர். புதுப்படம் வந்தால் சனிக்கிழமை அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்ல வேண்டும். அக்கா கேட்டுக்கொள்வார். பிறகு நாவல் கிடைத்ததும் இரண்டையும் ஒப்பிடுவார். பதினோரு வருடக் குடித்தனத்தில் இப்படி எழுபது எண்பது படம் தேறும்.

போன மழைக்காலத்தில்தான் அந்தச் சிக்கல் வந்தது. தூரத்துக் கோள் ஒன்றுக்குப் போன கலத்தின் தலைவி ஒருத்தியைப் பற்றிய படம். கடைசியில் மற்றவர்களைக் கலத்தில் ஏற்றிவிட்டு, அவள் வெளிப்பக்கமிருந்து கதவைப் பூட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறாள் என்று கணவர் சொல்லியிருந்தார். இரண்டு வாரம் கழித்து நாவல் கைக்கு வந்தது. அதில் அவள் வீடு திரும்பி, தன் மகளுக்குத் தலை வாரிவிடுகிறாள்.

அக்கா அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டி, கடைசி வரியில் விரலை ஊன்றினார்.

“காலையில பதினோரு மணி ஆட்டம். ரெண்டு மணி நேரப் படம். அன்னைக்குச் சனிக்கிழமையா இருந்தும் எனக்கு லீவு, வீட்டுல இருந்தேன். இவரு வந்தது அஞ்சு மணிக்கு. அப்ப நான் கேக்கலை. இப்ப முடிவும் ஒத்துவரலை. மீதி நேரம் எங்க போச்சு?”

வீட்டில் கேட்டுவிடலாமே அக்கா என்றேன். சந்தேகப்பட்டவரிடம் முதலில் கேட்பது கெட்டிக்காரத்தனம் இல்லை என்றார். கவுன்டரில் அவர் செய்வதும் அதுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் காலணி விஷயத்தில் பார்த்துப் பழகிய அந்த அமைதியை ஒரு குடும்ப விஷயத்தில் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பழைய புத்தகக் கடைக்காரரிடம் நான் விசாரித்ததையும் சொன்னேன்: இப்படிப்பட்ட நாவல்களைப் படம் முடியும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம், அதற்குள் படக்காரர்கள் முடிவை மாற்றிவிடுவதும் உண்டாம். அக்கா கேட்டுக்கொண்டார். “அவன் புத்தகம் விக்கிறவன். அப்படித்தான் சொல்லுவான்” என்றார்.

கடைசியில் என்னைப் படத்துக்கு அனுப்பினார். “அந்த அம்மா கதவைப் பூட்டுறாளா, வீட்டுக்கு வர்றாளா. அது மட்டும் எனக்குப் போதும். அவ வீட்டுக்கு வந்துட்டான்னா, இவரு எங்க போனாருன்னு நான் பார்த்துக்கறேன்.”

சனிக்கிழமை விடுப்பை மாற்றி வாங்கிக்கொண்டு போனேன். எனக்குப் படமே ஓடவில்லை. கதவு, கதவு என்று மனம் அடித்துக்கொண்டது. முடிவில் அவள் பூட்டினாள், வெளிப்பக்கமிருந்து, கணவர் சொன்னபடியே. அப்பாடா என்று எழுந்து வெளியே வந்தேன்.

பக்கத்து அரங்கின் வாசலில், அடுத்த ஆட்டத்துக்கான வரிசையில் அக்காவின் கணவர் நின்றிருந்தார். அந்த வாரம் வந்த இன்னொரு விண்வெளிப் படம். கூட யாரும் இல்லை. கண் வீங்கியிருந்தது. இடது கன்னத்தில் இருக்கைத் துணியின் கோடு கோடான தடம்.

என்னைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. பிறகு, மடியில் கனம் இருப்பவர் தானாகவே அவிழ்ப்பதுபோல, ஒவ்வொன்றாகச் சொன்னார். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பின் முன் நிற்கும் வேலை. இருட்டில் உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் கண் சொருகிவிடும். முதல் ஆட்டம் முழுவதும் தூக்கம். எழுந்து முகம் கழுவிக்கொண்டு இரண்டாவது ஆட்டம் பார்ப்பார். பதினோரு வருடமாக இப்படித்தான். அவருக்கு இந்தப் படங்கள் பிடிக்கவும் பிடிக்காது.

“தங்கச்சி, அவகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா இனிமே போகாதீங்கன்னுடுவா. அப்புறம் அவளுக்கு யாரு பார்த்துச் சொல்லுவா?”

தலையாட்டிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை அக்காவிடம், கதவைப் பூட்டுகிறாள் என்றேன். எந்தக் கையால் என்று கேட்டார். இடது கை என்றேன். கணவரும் இடது கை என்றுதான் சொன்னாராம். அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

“அப்ப மீதி நேரம்?”

நான் குனிந்து ரிப்பனை அளந்தேன்.

“ஒரே ரிப்பனை மூணு தடவை அளக்கிற.”

அன்று முதல் நான்கு நாள் அவர் என்னோடு சாப்பிடவில்லை. என் கவுன்டர் வழியாகப் போகும்போது காலணியைப் பார்ப்பதுபோலவே என்னைப் பார்த்தார். நானும் அவர் கணவரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே கதையைச் சொல்கிறோம் என்று அவர் நினைப்பது புரிந்தது. வாக்குக் கொடுத்த பாவம் ஒரு பக்கம். ஒன்றும் செய்யாத மனிதர் மேல் பழி விழுகிறதே என்பது ஒரு பக்கம். மென்று விழுங்கிக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் நாள் அவரே எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“அவரை அங்க பார்த்தியா?”

“பார்த்தேன் அக்கா.”

“கூட யாரு?”

இந்தக் கேள்வியைப் பல நாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். அதற்குமேல் என்னால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியவில்லை. தூக்கம், இரண்டாவது ஆட்டம், கன்னத்துத் தடம் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏன் மறைத்தார் என்பதையும் சொன்னேன்.

அக்கா மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். கண் கலங்கியதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் முகம் அப்படியெல்லாம் காட்டிக்கொடுக்காது.

“ரெண்டாவது ஆட்டத்துலயும் தூங்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஊழியர் வாசலில் மழை தூறிக்கொண்டிருந்தது. படம் பார்த்துவிட்டு நேராக அங்கே வந்து, குடையோடு கணவர் காத்திருந்தார். நான் பேசியது அவருக்குத் தெரியாது என்பதை அவர் என்னைப் பார்த்துச் சிரித்த விதத்தில் தெரிந்துகொண்டேன். அக்கா படியிறங்கிப் போய் அவர் எதிரில் நின்றார். கதை என்ன என்று கேட்கவில்லை. கையை உயர்த்தி, கட்டைவிரலால் அவருடைய கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார், முதலில் வலது கண், பிறகு இடது. அவர் குடையைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். அக்கா இமையை விட்டுவிட்டு, அவர் கையிலிருந்த குடையை வாங்கி, அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தார்.