தூக்கக் கலக்கத்தில் வந்த எண்

கடைசிவரை கம்ப்யூட்டரின் வேகத்தை டாக்டரம்மா கொட்டாவியில்தான் அளந்தார். பொத்தானை அழுத்தியதிலிருந்து திரை தயாராகும்வரை, எதிரே உட்கார்ந்திருப்பவர் எத்தனை கொட்டாவி விடுகிறார் என்பதே கணக்கு. நான்கு என்றால் ஹார்ட் டிஸ்க் கிழடு தட்டிவிட்டது. இரண்டு என்றால் இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். கொட்டாவியே விடாமல் மேஜையைக் குத்தினால் கோளாறு வாடிக்கையாளரிடம். அதற்குக் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டியதில்லை.

அவர் டாக்டர் இல்லை. கண்ணாடிக் கடைக்கும் சாவி செய்பவருக்கும் நடுவே, ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போக முடிகிற ஓர் அறையில் இருபத்திரண்டு வருஷம் கம்ப்யூட்டர் பழுது பார்த்தார். பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்து ஹார்ட் டிஸ்க் சுற்றுகிற சத்தத்தைக் கேட்பார். "மூச்சு வாங்குது. முக்கியமானதையெல்லாம் வேற இடத்துக்கு மாத்திக்கோங்க" என்று அவர் சொன்னால் ஒரு வாரத்துக்குள் அது மண்டையைப் போட்டுவிடும். பெயர் அப்படி வந்தது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி வந்தபோது அவருக்கு அதன்மேல் நம்பிக்கை பிறக்கவில்லை. உள்ளே சுற்றுவது எதுவும் இல்லை. சத்தம் கிடையாது.

"உசுரோட இருக்கா இல்லையான்னே தெரியலையே. ஒரு முனகலாவது வேணாமா?" என்று மகனிடம் போனில் குறைப்பட்டுக்கொண்டார்.

மகன் வேறு ஊரில், எஸ்எஸ்டிகளைச் சோதிக்கும் ஒரு கூடத்தில் வேலை பார்த்தான். "அதுல அசையுற பாகம் எதுவும் இல்லம்மா" என்றான்.

"அசையாம எப்படிடா வேலை நடக்கும்?"

"நான்கூட அசையாமதான் வேலை செய்றேன்."

"அதான் தொப்பை போடுது."

ஒருநாள், போனால் போகட்டும் என்று ஒரு பழைய பெட்டியில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மாட்டிப் பார்த்தார். வாடிக்கையாளர் கொட்டாவிக்கு வாயைத் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது. அன்றோடு டாக்டரம்மா கட்சி மாறினார். தெருவில் யார் புதுக் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினாலும் குறுக்கே விழுந்து மறித்தார். "இருக்கிறதுக்கு என்ன குறைச்சல்? மூளை நல்லாத்தான் இருக்கு. ஞாபகம்தான் மெதுவா வருது. அதை மட்டும் மாத்தினா போதும்."

எதையும் இரண்டு முறை அளப்பது அவருடைய இன்னொரு பழக்கம். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த ஹார்ட் டிஸ்க்கைக் காலையில் சோதித்தால் முதல் அளவு கொஞ்சம் சோம்பலாகத்தான் வரும். "முதல் தடவை தூக்கக் கலக்கம். ரெண்டாவதுதான் கணக்கு" என்பார். இருபது வருஷம் அந்த விதி அவரைக் கைவிட்டதில்லை. மகனுக்குப் போன் செய்தாலும் ஒருமுறை மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவார்; இரண்டாவது அழைப்பில்தான் பேச்சு.

ஊர் வாசகசாலையில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. பதினோரு வயது. வேலைக்கு விண்ணப்பம் போடுபவர்கள், வீட்டுப்பாடம் தட்டச்சு செய்யும் பிள்ளைகள், தூரத்திலிருக்கும் பேரப்பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் பெரியவர்கள் என்று காலையிலேயே பன்னிரண்டு நாற்காலியும் நிரம்பிவிடும். வாங்கிய நாளிலிருந்து அவற்றைப் பார்த்துக்கொண்டவர் டாக்டரம்மா. ஒன்றாம் எண்ணுக்கு விசிறி தகராறு. ஆறாம் எண் வெயில் பட்டால் முறுக்கிக்கொள்ளும். எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்று வாசகசாலைக் குழு பேசத் தொடங்கியது. கையிலிருக்கும் நிதிக்கு நான்குதான் வரும். அதே நிதியில் பன்னிரண்டுக்கும் எஸ்எஸ்டி போட்டுவிடலாம் என்று டாக்டரம்மா கூட்டத்தில் எழுந்து சொன்னார்.

"பன்னெண்டு பேர் உட்கார்ற இடத்துல நாலு பேரா?"

"நாலும் வேகமான கம்ப்யூட்டர்மா" என்றார் குழுவின் தலைவர்.

"மீதி எட்டுப் பேர் வேகமா நிப்பாங்களா?"

கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. அவர் நில அளவைத் துறையில் அளவுச் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். அளக்காத எதையும் நம்பமாட்டார். "கொட்டாவிக் கணக்கைத் தீர்மானப் புத்தகத்துல எழுத முடியாதும்மா. எண் கொண்டு வாங்க. சனிக்கிழமை பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம்."

டாக்டரம்மா மகனிடம் எண் காட்டுகிற நிரல் ஒன்று கேட்டார். அவன் மதிய இடைவேளையில் பத்து நிமிடத்தில் எழுதி அனுப்பினான். ஒரு பெரிய கோப்பை முந்தின நாளே இரண்டு கம்ப்யூட்டரிலும் ஏற்றி அணைத்துவிட வேண்டும். மறுநாள் நிரலை ஓட்டினால், அந்தக் கோப்பை வினாடிக்கு எத்தனை மெகாபைட் வேகத்தில் படிக்கிறது என்று சொல்லும். அலுவலகத்தில் இப்படி ஒரு நிரலை மூன்று பேர் படித்துப் பார்த்த பிறகே ஓட்டுவார்கள். இதை யாரும் படிக்கவில்லை. அம்மாவுக்குத்தானே.

பழையவற்றின் சார்பில் எட்டாம் எண் களமிறங்கியது. அதற்குக் கடையிலிருந்து ஓர் எஸ்எஸ்டி போட்டார். ஓட்டை உடைசல் பெட்டிகளிலிருந்து எடுத்துவைத்த ரேம் எனும் தற்காலிக நினைவகப் பலகைகளையும் இடமிருந்த துளைகளிலெல்லாம் செருகினார். வெறும் வயிற்றோடு போட்டிக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை புதுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த கடைக்காரர் முதலில் ஓட்டினார். திரையில் 3420 என்று வந்தது. "புதுசுக்கு ஒரு தடவை போதும்" என்று கையைத் தட்டிவிட்டு ஒதுங்கினார். தலைவர் எழுதிக்கொண்டார்.

டாக்டரம்மா எட்டாம் எண்ணை எழுப்பி நிரலை ஓட்டினார். எண் வந்தது. தலைவர் பேனாவைத் தூக்கினார்.

"எழுதாதீங்க, எழுதாதீங்க! இது தூக்கக் கலக்கம்."

அடுத்த நொடியே மறுபடி ஓட்டினார்.

5110.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் 5110. கடைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. நூலகர் பெண், "அக்கா, எட்டாம் நம்பருக்கு என்னக்கா ஊட்டி விட்டீங்க?" என்று கத்தினாள். பெரியவர்கள் கைதட்டினார்கள். பன்னிரண்டும் இருக்கும், எல்லாவற்றுக்கும் எஸ்எஸ்டி போடுவது என்று அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

கடைக்குத் திரும்பிய டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். மகனுக்கு ஒருமுறை மணி அடித்து வைத்து, மறுபடி அடித்தார்.

"ஜெயிச்சாச்சுடா! புதுசு மூவாயிரத்துச் சொச்சம். நம்ம எட்டாம் நம்பர் ஐயாயிரத்து நூத்திப் பத்து!"

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"டேய், இருக்கியா?"

"அம்மா, அந்தப் பழைய பெட்டியில எஸ்எஸ்டிக்குப் போற ஒயர்ல அறுநூறுக்கு மேல போகாது."

டாக்டரம்மாவின் பல் ஒவ்வொன்றாக உள்ளே போனது. அந்த ஒயரை அவர் ஆயிரம் முறை மாட்டியிருக்கிறார். ஒற்றைக் குழாயில் ஆற்று வெள்ளம் வராது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எத்தனை தடவை ஓட்டுன?"

"வழக்கம்போல ரெண்டு."

"முதல் தடவை என்ன வந்துச்சு?"

"ஐநூத்துச் சொச்சம். அது தூக்கக் கலக்கம்."

"அதுல மோட்டாரே இல்லம்மா. எது தூங்கும்? அதுதான் நிஜமான எண்."

விஷயம் இவ்வளவுதான். முதல் முறை படித்ததைக் கம்ப்யூட்டர் தன் ரேமில் ஒரு பிரதி வைத்துக்கொண்டது. டாக்டரம்மா தாராளமாக ரேம் போட்டிருந்ததால் முழுக் கோப்பும் அதில் அடங்கிவிட்டது. இரண்டாவது முறை எஸ்எஸ்டியைத் தொடவே இல்லை. புத்தகத்தைப் பார்த்து வாசி என்றால், மனப்பாடமாக ஒப்பித்துவிட்டது. அப்படிச் செய்யவிடாமல் தடுக்கிற வரி ஒன்று நிரலில் இருந்திருக்க வேண்டும்.

"அந்த வரியை நான்தான் விட்டுட்டேன்" என்றான் மகன். பிறகு, "தீர்மானம் ஆயிருச்சுல்ல? விடும்மா. அங்க நடக்கிற வேலைக்கு அந்த வேகம் தாராளம். யாருக்குத் தெரியப்போகுது?"

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ரெண்டு பேர் பத்தாதா?" என்றார் டாக்டரம்மா. ஸ்குரூக்களை டப்பாவில் போட்டுக்கொண்டே தொடர்ந்தார். "நாளைக்கு எவனாவது அதே நிரலை ஓட்டிப் பார்த்தா? ஐயாயிரம் ஓடினது ஐநூறுதான் ஓடுது, டாக்டரம்மா கை வச்சுக் கெடுத்துட்டாங்கம்பான். கிளம்பி வா."

"எதுக்கு?"

"எழுதினவன் வந்து நிக்க வேணாமா? காலையில முதல் பஸ்."

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலை திறந்ததும் தலைவரின் மேஜைக்கு எதிரே தாயும் மகனும் நின்றார்கள். கடைக்காரர் தன் கம்ப்யூட்டரை எடுத்துப்போக வந்திருந்தார். பெட்டியில் பாதி போட்டதை அப்படியே விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"நேத்து நான் சொன்ன எண் தப்புங்க. நீங்க எழுத வந்தீங்களே முதல் எண், அதுதான் சரி. நான்தான் தடுத்தேன்."

மகன் வாயைத் திறந்தான். "நிரல்ல—"

"இவனும் கூட்டு" என்று முடித்துவிட்டார் டாக்டரம்மா.

விட்டுப்போன வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினார்கள். புதியது 3420. எட்டாம் எண் 538. மறுபடி ஓட்டினாலும் 538.

"ஆறு மடங்கு!" என்றார் கடைக்காரர். "நான் அப்பவே நெனச்சேன்."

"நெனச்சிருந்தா நேத்தே சொல்லியிருக்கலாமே, முழிச்சிட்டுல்ல நின்னீங்க" என்றார் டாக்டரம்மா. ஆனால் குரலில் சுருதி இல்லை. பன்னிரண்டு நாற்காலிகளையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஞாயிறு என்பதால் எல்லாம் நிரம்பி, சுவரோரம் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

மகன் பேச்சில் சிக்கனக்காரன். அன்று கொஞ்சம் செலவழித்தான். "சார், இந்த எண் ஒரே பெரிய கோப்பைத் தூக்குற வேகம். ஒரு பெரிய மூட்டைக்கு லாரி தேவை, சரி. இங்க இருக்கிற வேலை ஆயிரம் துண்டுச் சீட்டை ஆயிரம் வீட்டுல குடுக்கிறது. அதுல லாரிக்கும் சைக்கிளுக்கும் அவ்வளவு வித்தியாசம் வராது. நீங்களே கடிகாரத்தை வச்சுப் பாருங்க."

தலைவர் நிரலை நம்புவதை அன்றோடு விட்டுவிட்டிருந்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். பொத்தானை அழுத்துவதிலிருந்து விண்ணப்பப் படிவம் திரைக்கு வருவதுவரை மூன்று கம்ப்யூட்டரிலும் தாமே அளந்தார். இன்னும் ஹார்ட் டிஸ்க்கே இருந்த மூன்றாம் எண், ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. எஸ்எஸ்டி போட்ட எட்டாம் எண், இருபத்து நான்கு. புதியது, பதினேழு.

"ஏழு வினாடி" என்றார் தலைவர்.

"நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்றதுக்கே அவ்வளவு ஆகும்" என்றார் டாக்டரம்மா. "அதுவும் நாற்காலி இருந்தா."

தலைவர் சிரிக்கவில்லை. சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தார். "நீங்க எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?" என்று முதலில் நின்றவரைக் கேட்டார். அவர் நாற்பது நிமிடம் என்றார்.

"ஏம்மா, நேத்து ஜெயிச்சிட்டீங்க. எதுக்கு வந்து சொன்னீங்க?"

"ரெண்டு தடவை அளக்கிறவ நான். தப்பான தடவையை எழுத வச்சிட்டேன். சோறு இறங்கலைங்க."

தலைவர் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினார். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். 5110 என்ற எண்ணின் மேல் அடிக்கோலை வைத்து ஒரே ஒரு கோடு போட்டார் தலைவர். எண் கோட்டுக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் 538 என்று எழுதினார். அதன் கீழே மூன்று கம்ப்யூட்டர்களின் வினாடிகளையும் எழுதினார்.

"எங்க அளவுப் புத்தகத்துல தப்பை அழிக்கக் கூடாதும்மா. கோடு போட்டுச் சரியானதைப் பக்கத்துல எழுதணும். அழிச்ச தடம் இருந்தா அந்தப் பக்கத்தையே நம்பமாட்டோம்." புத்தகத்தை டாக்டரம்மா பக்கம் திருப்பினார். "தீர்மானத்துல மாத்தம் இல்லை. கையெழுத்துப் போடுங்க. பையனும் போடட்டும்."

அடுத்த விடுமுறையில் மகன் வந்து மூன்று நாள் மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்தான். மேலே இருந்து டாக்டரம்மா ஸ்குரூவை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். "இன்னும் உள்ள போ. தொப்பை இடிக்குதா?" கடைசியாக ஆறாம் எண். மாட்டி முடித்ததும் பழக்கத்தில் பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டார். மகன் ஸ்குரூ டப்பாவை மூடினான்.

எட்டு மாதம் கழித்து டாக்டரம்மா இறந்துபோனார். இதயம். முன்னறிவிப்பு எதுவும் தரவில்லை.

கடையைக் காலி செய்ய வந்த மகன், அந்த வாரம் வாசகசாலைக்குப் போனான். கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்றிருந்தது. நூலகர் பெண் அவனைப் பார்த்ததும் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"உட்காரச் சொல்லக்கூட ஒரு இடம் இல்லையேண்ணா."

பன்னிரண்டிலும் ஆள் இருந்தது. எட்டாம் எண்ணில் ஒரு பெரியவர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். முடிக்கிற மாதிரி தெரியவில்லை. மகன் சுவரோரம் போய் வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றான்.