பத்து மணி ஆர்ப்பாட்டம்

பீடித் தொழிலாளர் சங்கத்தின் எங்கள் கிளைக்கு என்னைப் பெற்ற உம்மாதான் தலைவி. கட்சியில் அவள் இல்லை. நான் கட்சியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் என்பதால் சங்கத்துக்குத் தீர்மானம் எழுதும் வேலையும் எனக்கே வந்தது.

சங்கக் கூட்டத்துக்கு முன்னால், அதிலுள்ள கட்சிக்காரர்கள் மட்டும் தனியாகக் கூடிப் பேசுவது வழக்கம். அங்கே முடிவானதை வெளியே சொல்லக்கூடாது. சங்கத்தில் அதற்காக நிற்கவேண்டும். அந்த முறை அலுவலகத்தில் வெள்ளையடிப்பு நடந்ததால் மேலப்பாளையத்து எங்கள் வீட்டு முன்னறையில் சங்கச் செயலாளர் அண்ணாச்சியோடு சேர்த்து ஐந்து ஆண்கள் உட்கார்ந்தோம். உம்மா டீயை வைத்துவிட்டு, இலையும் தூளும் பரப்பிய பீடிச் சொளவோடு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யாரும் சாத்தச் சொல்லவில்லை.

பீடிக் கடைக்காரர்கள் மட்டமான இலை கொடுப்பதைக் கண்டித்து, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆர்ப்பாட்டம் என்று முடிவானது. கையெழுத்து அழகாக வரும்படி எழுதினேன்.

மறுநாள் சங்கக் கூட்டத்துக்கு உம்மா தலைமை. நான் வாசித்து முடித்ததும் பின்னால் பீடி சுற்றும் பெண்களிலிருந்து மூத்த லாத்தா ஒருத்தி கேட்டாள்.

"பத்து மணிக்கா? சுத்துன பீடிய கடையில யாரு குடுப்பா? அண்ணாச்சி குடுப்பாவளா?"

"அவிய சுத்துனதுன்னு நெனச்சு கடைக்காரன் அம்புட்டையும் கழிச்சுத் தள்ளிருவான்," என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு அடங்க நேரமானது.

செயலாளர் அண்ணாச்சி என்னைப் பார்த்தார். முடிவை ஆதரித்து நான் பேசவேண்டிய இடம் அது. முன்னறையில் இருந்த ஐந்து பேரில் பீடி சுற்றுகிறவர் ஒருவருமில்லை. ஆனால் நான், லீவு நாளெல்லாம் உம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடை வாசலில் நின்றவன்.

"ஏலே, வியாழக்கெழம பத்து மணிக்கு ஒங்க உம்மா எங்கன இருப்பா?" என்று கேட்டாள் உம்மா.

"கடையில," என்றேன்.

மூன்று மணிக்கு மாற்றுவதற்குக் கைகள் உயர்ந்தன. நானும் தூக்கினேன். அண்ணாச்சி தூக்கவில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை.

சாயங்காலம் உம்மா பைய வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கட்சியில் சேர்ந்ததைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள்.

"ஒன்னய கட்சிய விட்டு எடுத்துருவாவளாலே?"

"மாட்டாவ உம்மா. சுயவிமர்சனம் எழுதிக் கேட்டுருக்காவ. நம்ம தப்ப நாமளே எழுதணும்."

"எழுதிட்டியா? படி."

வெளியாருக்குப் படித்துக் காட்டக்கூடாது. படித்தேன். கூட்டு முடிவு, கட்டுப்பாடு என்று இரண்டு பக்கம். உம்மா பீடி சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"இம்புட்டு எழுதிருக்க. உம்மா கடைக்குப் போற நேரத்த மறந்துட்டேன்னு ஒரு வரி இல்லயே?"

இரண்டு தாளையும் கிழித்துவிட்டு அந்த ஒரு வரியை எழுதினேன்.

"இதுல உம்மாங்கது எங்கன இருக்கு?"

காட்டினேன். எழுத்துத் தெரியாத உம்மா, புகையிலைத் தூள் ஒட்டிய விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அந்தக் கறையோடுதான் தாளை அண்ணாச்சியிடம் கொடுத்தேன்.