ஒன்பதாவது பாட்டில் ஒரு பூசை

எங்கள் தெரு அழகு நிலையத்துக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் கோனக்கா. தூக்கத்தில்கூட மருதாணிக் கோனைக் கீழே வைக்க மாட்டார் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். என் தங்கை கல்யாணத்துக்கு மருதாணி போட வந்தவர், கொடிக்கும் பூவுக்கும் நடுவில், யாரும் கேட்காமலே, ஒரு பூனையைச் சுருட்டிப் படுக்க வைத்திருந்தார். நான் அப்போது பழைய பாடல்களில் வரும் பூனைகளைத் தொகுத்து ஒரு சின்னப் புத்தகம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது பாட்டு. ஒன்பதுக்கும் இதே மருதாணிக் கொடி பாணியில் தாளில் படம் வரைந்து தர முடியுமா என்று கேட்டேன்.

"புத்தகத்துல என் பேர் வருமா?" என்று மட்டும் கேட்டார்.

"முதல் பக்கத்துலயே வரும்க்கா."

தாளில் அவருக்குக் கை ஓடவில்லை. பத்தொன்பது வருஷமாகத் தோலில் போட்டுப் பழகிய கை, வெள்ளைத் தாளைக் கண்டால் மரத்துப் போகிறதாம். அதனால் முதலில் கணவரின் உள்ளங்கையில் போட்டுவிட்டு, அதைப் பார்த்துத் தாளில் வரைவார். அந்த அண்ணன் பஸ் கண்டக்டர். டிக்கெட் நீட்டும் கையில் மீசையும் வாலுமாகப் பூனை. "சில்லறை தருவீங்களா, பூனை தருவீங்களா?" என்று பயணிகள் வம்புக்கு இழுத்தால், "வீட்டம்மா புத்தகத்துக்குப் படம் போடுறாங்க" என்று நிமிர்ந்து நிற்பாராம்.

முதல் எட்டுப் படங்களும் சொக்க வைத்தன. வெருகு என்றால் காட்டுப்பூனை என்று நான் சொல்லியிருந்ததால், அதன் உடம்பெல்லாம் இலை இலையாகப் போட்டிருந்தார். ஒன்பதாவதில் பால் குடம் இருந்தது, விளக்கு இருந்தது, மணி இருந்தது. பூனையைக் காணோம். அந்தப் பாட்டில் பூனை என்ற சொல்லே இல்லை, பூசை என்றுதான் இருந்தது. பழைய தமிழில் அதுவும் பூனைதான். அக்கா சாமிக்குச் செய்யும் பூசை என்று நினைத்துவிட்டார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "பூனைக்குப் போய் மணியடிச்சுட்டீங்களேக்கா!" பக்கத்தில் புத்தகத்தின் பக்கங்களை வடிவமைத்துக்கொண்டிருந்தவரும் சேர்ந்து சிரித்தார். அக்காவின் முகம் சுண்டிப்போனது. "படிச்சவங்களாப் பாத்து வரைஞ்சுக்குங்க" என்று ஒன்பது தாளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. நான்காம் நாள் வீட்டுக்கே போனேன். அண்ணன்தான் கதவைத் திறந்தார். அவர் உள்ளங்கையில் மணியும் விளக்கும் இன்னும் சிவப்பாகவே இருந்தன.

"நாலு நாளா கோனைத் தொடலைங்க" என்றார் மெதுவாக.

அக்கா சமையலறை வாசலில் நின்றார். "எட்டாம் கிளாஸோட படிப்பை நிறுத்தினவ நான். பாட்டு முழுசாப் புரியலைன்னு கேட்டா, வேலையை வேற யாருக்காவது குடுத்துடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

அந்தச் சொல்லை நானும் அகராதியைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பொருள் எழுதித் தராமல் விட்டவள் நான். சிரித்தவளும் நான்.

"தப்பு என்னுதுக்கா. சிரிச்சதுதான் பெரிய தப்பு. மன்னிச்சுக்குங்க."

அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். "அந்தப் பாட்டைப் படிங்க" என்றார். படித்தேன், வரிக்கு வரி பொருளும் சொன்னேன். வீடே அசந்து தூங்குகிறது, பூனை பால் குடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

"கடைசியில குடிச்சுதா?"

"பாட்டு அதோட முடிஞ்சுடுதுக்கா."

"பாவம்" என்றபடி கோனைக் கையில் எடுத்தார். அண்ணன் பழக்க தோஷத்தில் கையை நீட்ட, "அதுல எங்க இடம் இருக்கு?" என்று தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க நீட்டுங்க."

நீட்டினேன். ஈரமாக, சில்லென்று, என் உள்ளங்கையில் முதலில் காது வந்தது, பிறகு முதுகு. குடத்தை எட்டிப் பார்க்கும் முகம் வந்தபோது என் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கப் போனேன். மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அழுதா அழுதுக்குங்க. கையை மட்டும் ஆட்டாதீங்க, இன்னும் வால் பாக்கி இருக்கு."